வீட்டில் கட்டும் காருக்கு ஸ்டியரிங் ஜாயின்ட்: முதலில் கோணம், கடைசியில் கடை

இங்கிலாந்தில் தன் வீட்டு கராஜில் லோட்டஸ் செவன் (திறந்த, லேசான பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாணியில் ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார். சேஸி முடிந்துவிட்டது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2-இன் ஸ்டியரிங் ரேக் (முன்சக்கரங்களை இடம் வலமாகத் திருப்பும் பல் கம்பி) முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் தண்டு டேஷ்போர்டுக்கு அடியில் பொருந்திவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ஜின், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, சேஸிக் குழாய்கள். தண்டு நேராகப் போக வழியில்லை. மடங்கும் இடங்களில் யுனிவர்சல் ஜாயின்ட் (கோணத்தில் நிற்கும் இரண்டு தண்டுகளைச் சேர்த்துச் சுழலவிடும் மூட்டு) வேண்டும். "ஒரு ஜாயின்ட் போதுமா, இரண்டா, மூன்றா? ஒரு கடையில் மிக மலிவு, இன்னொரு கடையில் பார்வைக்கு அதே பொருள் பல மடங்கு விலை. எதை வாங்குவது?" என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: இந்த மாதிரிக் காருக்குப் பெரும்பாலும் இரண்டு ஜாயின்ட் போதும். நீடில் பேரிங் (ஊசி போன்ற சின்ன உருளைகள் வைத்த பேரிங்) உள்ளது, உள்ளே பல் வெட்டியது, குறுக்கே போல்ட் போட்டு இறுக்குவது. அப்படி இரண்டு நல்லதாக வாங்குங்கள். மூன்றாவது தேவை என்று தோன்றினால் உடனே வாங்கிவிடாதீர்கள். அது தேவையில்லாமல் போகும்படி ரேக்கையோ தண்டையோ கொஞ்சம் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, கடைப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். எந்த ஜாயின்ட் என்பதைக் கோணமும் தண்டுகளின் முனையும்தான் தீர்மானிக்கின்றன. அவை இரண்டும் தெரியாமல் வாங்கினால் எத்தனை பவுண்டு கொடுத்தாலும் அது தப்பான பொருள்தான்.

இனி விரிவாக. யுனிவர்சல் ஜாயின்ட் என்பது இரண்டு யோக்கும் (காது போன்ற இரு கைகள் உள்ள கவைகள்), நடுவில் கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸும். லாரியின் புரொபெல்லர் தண்டில் இருக்கும் கிராஸின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே இதற்கு ஒரு குணம் உண்டு. தண்டுகள் கோணத்தில் இருக்கும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுழற்றினாலும் மறு பக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பின்தங்கும். எவ்வளவு என்பது கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது. 15 டிகிரியில் வேக விகிதம் 0.966-க்கும் 1.035-க்கும் நடுவே ஆடும், யாருக்கும் தெரியாது. 20 டிகிரியில் 0.94-லிருந்து 1.06. 30 டிகிரியில் 0.87-லிருந்து 1.15. 45 டிகிரிக்குப் போனால் 0.71-லிருந்து 1.41, ஸ்டியரிங் வீலைத் திருப்பும்போது ஒரு இடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் லேசாகவும் கைக்கு அப்பட்டமாகத் தெரியும்.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 30 டிகிரியில் ஒற்றை ஜாயின்ட் இருந்தால், மேல்தண்டுக்கும் கீழ்த்தண்டுக்கும் இடையே வரும் அதிகபட்ச வித்தியாசம் சுமார் 4 டிகிரி. 350 மி.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் அது 12 மி.மீ. ஓடும்போது யாரும் அதைக் கண்டுபிடிப்பதில்லை. கையில் தெரிவது இரண்டு ஜாயின்ட்டைத் தப்பாகச் சேர்த்த கார்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டியரிங்குக்கென்று செய்யும் ஒற்றை ஜாயின்ட்டுகள் பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரி வரைதான் மடங்கும். அதைத் தாண்டினால் ஒரு யோக்கின் காது மறு யோக்கில் இடிக்கும். பட்டியலில் 35 என்று போட்டிருந்தால் 35-இல் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை, அதுதான் எல்லை. காரில் 25-க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. 30 வரை போகலாம். அதற்கு மேல் வந்தால் அமைப்பை மாற்ற யோசிக்கத் தொடங்குங்கள்.

சரி, கோணத்தை எப்படி அளப்பது? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பக்கவாட்டிலிருந்து பார்த்து, தண்டின் மேல் டிஜிட்டல் கோணமானியை வைத்து, "20 டிகிரி, பிரச்சினை இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கருவி புவியீர்ப்பை வைத்து அளப்பது. தண்டு மேல்கீழாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், இடம் வலமாக எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. செவன் பாணிக் காரில் இடைத்தண்டு (இரண்டு ஜாயின்ட்டுக்கும் நடுவே போவது) கீழே இறங்கும்போதே என்ஜினுக்கு இடம் விட்டு ஓரமாகவும் விலகும். ஒரு தண்டைக் காரின் நீளவாக்கில் நேராக வைத்துக்கொண்டு பார்த்தால், மற்றதன் சாய்வும் விலகலும் சேர்ந்துதான் உண்மையான கோணம். இரண்டின் டேன்ஜென்ட்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் 20, மேலிருந்து பார்த்தால் 20 என்றால் உண்மைக் கோணம் 27. இரண்டும் 25 என்றால் 33. இரண்டும் 30 என்றால் 39. அந்த இடத்தில் ஒற்றை ஜாயின்ட் உட்காரவே உட்காராது.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு அட்டை போதும். மேல்தண்டு அதன் இடத்தில் இருக்கட்டும். இடைத்தண்டுக்குப் பதில் ஒரு துடைப்பக் கட்டையையோ மின்சார வயரிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயையோ கட்டிவிடுங்கள். ஒன்றையொன்று சந்திக்கும் இரண்டு கோடுகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். அதனால் ஒரு தடித்த அட்டையை அந்த மூலையில் வைத்து, இரண்டு தண்டையும் ஒட்டினாற்போல வெட்டினால், அட்டையில் கிடைப்பது உண்மையான கோணம்தான். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியில் உள்ள பாகைமானியால் அளந்து, நேர்கோட்டிலிருந்து எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று 180-லிருந்து கழித்து எழுதிக்கொள்ளுங்கள். கீழ் மூலைக்கும் இதேபோல இன்னொரு அட்டை. இரண்டு அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இன்னொரு வேலை இருக்கிறது.

கோணம் அதிகமாக வந்தால் எதை நகர்த்துவது? ரேக்கின் உயரத்தையும் முன்பின் இடத்தையும் தொடாதீர்கள். ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் உள் பந்து மூட்டுகள் சஸ்பென்ஷன் விஷ்போன்களின் (சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கைகளின்) கணக்கோடு பொருந்தி அமைக்கப்பட்டவை. 10 மி.மீ. தூக்கினாலும் சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானாகவே திரும்பத் தொடங்கும். அதை பம்ப் ஸ்டியர் என்பார்கள். ஸ்டியரிங் ஜாயின்ட்டை வசதியாக மாட்டுவதற்காக அந்த வினையை வாங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் ரேக்கை அதன் சொந்த அச்சில் சுழற்றலாம். எஸ்கார்ட் ரேக் ரப்பரைச் சுற்றிய வளையக் கிளாம்ப்பில்தான் உட்காருகிறது. கிளாம்ப்பைத் தளர்த்தி ரேக்கைச் சற்றே உருட்டினால் பந்து மூட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், பினியன் தண்டு (ரேக்கை நகர்த்தும் பல்சக்கரத்தின் தண்டு, கீழ் ஜாயின்ட் மாட்டுவது இதில்தான்) மட்டும் நிமிரும் அல்லது சாயும். இந்த ஒரு வேலையிலேயே பல கார்களில் கீழ் ஜாயின்ட்டின் கோணம் கணிசமாகக் குறைந்துவிடும். பினியனின் உடம்பு சேஸிக் குழாயில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்முனையிலும் கொஞ்சம் விளையாட இடம் உண்டு. தண்டின் கீழ் பேரிங்கை ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்தினால் வீல் ஓட்டுநருக்குச் சற்றே சாய்ந்து நிற்கும். இந்த மாதிரிக் கார்களில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, பழகிவிடும். நகர்த்தும்போது கால்களை மறந்துவிடாதீர்கள். கிளட்ச் மிதிக்கும் பாதம் ஜாயின்ட்டின் போல்ட் தலையில் உரசுகிற செவன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அட்டைகளுக்கு வருவோம். இரண்டு ஜாயின்ட் இருந்தால் முதலாவது செய்யும் வேக ஏற்ற இறக்கத்தை இரண்டாவது சரிசெய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை: இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், இடைத்தண்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒன்றுக்கொன்று சரியான திசையில் நிற்க வேண்டும். மூன்று தண்டும் (மேல்தண்டு, இடைத்தண்டு, பினியன் தண்டு) ஒரே தளத்தில் இருந்தால் யோக்குகள் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இடைத்தண்டை மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டு முனையின் காதுகளும் ஒரே மட்டத்தில் படுத்திருக்கும். இதை 90 டிகிரி மாற்றிப் போட்டால் ஏற்ற இறக்கம் சமன் ஆவதற்குப் பதில் பெருகும். இரண்டும் 30 டிகிரி என்று வையுங்கள்: சரியாகப் போட்டால் விகிதம் 1-லேயே நிற்கும், தப்பாகப் போட்டால் 0.75-லிருந்து 1.33 வரை ஆடும். "ரேக் பழுது, ஒரு பக்கம் இறுக்குகிறது" என்று சொல்லி ரேக்கையே மாற்றிய பிறகும் அதே இறுக்கம் இருந்தால், கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் காரில் மூன்று தண்டும் ஒரே தளத்தில் இருக்காது. மேலிருந்து வரும் மடிப்பு ஒரு பக்கம், கீழ் மடிப்பு வேறு பக்கம். அப்போது யோக்குகளை ஒரே திசையில் வைத்தால் போதாது. இரண்டு தளங்களுக்கும் இடையே எவ்வளவு முறுக்கம் இருக்கிறதோ அவ்வளவு முறுக்கி வைக்க வேண்டும். அட்டைகளை டேப் போட்டு அந்தந்த மூலையில் ஒட்டுங்கள். இடைத்தண்டின் வழியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு அட்டையும் ஏதோ ஒரு கோணத்தில் விலகி நிற்பது தெரியும். இனி விதி எளிது: இடைத்தண்டின் மேல் யோக்கின் காதுகள் மேல் அட்டையோடு படிந்து நிற்கும் அதே நேரத்தில், கீழ் யோக்கின் காதுகள் கீழ் அட்டையோடு படிந்து நிற்க வேண்டும். இடைத்தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. அதனால் எவ்வளவு மோசமாக அமைந்தாலும் 5 டிகிரிக்கு மேல் பிசகாது. அது போதும்.

கோணங்கள் சமமாக அமையவில்லை என்றால்? மேலே 25, கீழே 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். யோக்குகள் சரியாக இருந்தால் மிஞ்சுவது சுமார் 20 டிகிரியில் ஒற்றை ஜாயின்ட் போட்டதற்குச் சமமான ஆட்டம், அதாவது 6 சதவீதம். ஓட்டலாம். முழுமைக்காகச் சேஸியை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. மிஞ்சிய ஆட்டம் வீல் நேராக இருக்கும் இடத்துக்கு இரு புறமும் ஒரே மாதிரி விழும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இடது பக்கத் திருப்பம் ஒரு வேகம், வலது பக்கம் வேறு வேகம் என்று ஆகும். ஒற்றை ஜாயின்ட் போடுபவர்களுக்கும் இதேதான்: சக்கரங்கள் நேராக இருக்கும்போது யோக்கின் காதுகள் மடிப்புத் தளத்தோடு படிந்தோ, அதற்குச் செங்குத்தாகவோ நிற்கட்டும், நடுவில் கோணலாக நிற்க வேண்டாம்.

மூன்றாவது ஜாயின்ட்டைப் பற்றி. இரண்டு ஜாயின்ட் உள்ள அமைப்பில் மேல்தண்டைத் தாங்க அதன் இரண்டு பேரிங் உண்டு, பினியனைத் தாங்க ரேக் உண்டு, நடுத்தண்டு இரண்டு பக்கமும் பிடிக்கப்பட்டு நிற்கும். மூன்று ஜாயின்ட் போட்டால் நடுவில் இரண்டு தண்டு. அவற்றைப் பிடிப்பார் யாரும் இல்லை. வீலைத் திருப்பினால் சுழல்வதற்குப் பதில் நடு ஜாயின்ட் ஸ்கிப்பிங் கயிறு போல வெளியே வீசும். எனவே நடு ஜாயின்ட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். வழக்கமாகத் தண்டின் விட்டத்துக்குச் சரியான துளை உள்ள ஒரு ராட் எண்டை (துளையுள்ள பந்து மூட்டு) சேஸியில் பிராக்கெட் வைத்துப் பொருத்துவார்கள். பிராக்கெட் அசையாமல் இருக்க வேண்டும். மெல்லிய தகட்டு ஃபயர்வாலில் ரிவெட் அடித்து மாட்டினால், ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையில் பாதி தகட்டை வளைப்பதிலேயே போய்விடும். தண்டு ராட் எண்டுக்குள் மேலும் கீழும் வழுக்காமல் இரு புறமும் காலர் வேண்டும்.

இரட்டை ஜாயின்ட் என்று ஒன்று விற்கிறார்கள்: இரண்டு கிராஸை ஒரே உடம்பில் சேர்த்தது, 60-70 டிகிரி வரை மடங்கும். இடம் மிக நெருக்கமான கார்களுக்கு அது உதவும், அதற்கும் இரு புறத் தண்டையும் உறுதியாகத் தாங்கியாக வேண்டும். செவனில் அது தேவைப்பட்டதாக நான் பார்த்ததில்லை. பெரிய வி8 என்ஜினைச் சின்ன என்ஜின் அறைக்குள் திணிக்கும் அமெரிக்க ஹாட் ராட்காரர்களின் சாமான் அது.

அடுத்து, மலிவு எது, விலையுயர்ந்தது எது என்ற கேள்வி. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வகை. ஒன்று, எஃகு முள் எஃகுத் துளையிலேயோ புஷ்ஷிலேயோ நேராக உரசுவது. எந்திரக் கடைகளில் தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று விற்பார்கள். மற்றொன்று, கிராஸின் நான்கு கையிலும் தொப்பி போன்ற நீடில் பேரிங் உள்ளது, ரப்பர் சீலோடு வரும். ரோட்டில் ஓட்டும் காருக்கு இரண்டாவது வகைதான். முதல் வகை புதிதில் இறுக்கமாக, நன்றாகவே இருக்கும். மழையும் உப்பும் பட்ட பிறகு ஒன்று இறுகும் அல்லது ஆட்டம் கொடுக்கும். இங்கிலாந்தின் குளிர்காலச் சாலை உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாயின்ட்டில் 1 டிகிரி ஆட்டம் வந்தால் 350 மி.மீ. வீலின் விளிம்பில் அது 3 மி.மீ. இரண்டு ஜாயின்ட்டிலும் வந்தால் 6. நேர்சாலையில் கார் அலைவது போலத் தோன்றுவதற்கு அதுவே போதும்.

பலத்தைப் பற்றி அனாவசியமாகக் கவலைப்படுகிறார்கள். ஓட்டுநர் இரண்டு கையாலும் தலா 20 கிலோ விசை கொடுத்து 350 மி.மீ. வீலை முறுக்கினால் வருவது 70 நியூட்டன் மீட்டர் அளவுதான். சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதினால் கீழிருந்து வரும் அடி இதைவிடப் பெரிது, ஆனாலும் காருக்கென்று செய்த ஜாயின்ட்டுகள் அதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. ஜாயின்ட்டின் உடம்பு முறிவதைவிட, போல்ட் தளர்வது, பல் முழுதாகப் பிடிக்காதது, பேரிங் தேய்வது ஆகியவைதான் நடைமுறையில் வரும் கோளாறு. கூடுதல் பணத்தை அங்கே செலவழியுங்கள். பளபளவென்று பாலிஷ் செய்த உடம்புக்காக வேண்டாம்.

ரப்பர் வட்டு வைத்த கப்ளிங் பல பழைய கார்களில் உண்டு. இரண்டு விளிம்புத் தகட்டுக்கு நடுவே துணி பதித்த ரப்பர். சாலையின் அதிர்வு கைக்கு வராமல் தடுக்கும், சேஸி நெளியும்போது சிறு நீள வித்தியாசத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது மடங்குவதற்கான பொருள் அல்ல. சில டிகிரிக்கு மேல் போனால் ரப்பர் கிழியத் தொடங்கும். ஜாயின்ட்டுக்குப் பதிலாக அதைப் போடக்கூடாது. லேசான காரில் எனக்கு அது தேவையாகவும் தோன்றவில்லை. சாலை கையில் தெரிய வேண்டும் என்றுதானே செவன் கட்டுகிறோம். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் என்றால் பேச்சே இல்லை.

முனைகளைப் பார்ப்போம். பட்டியலில் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் இரண்டு முனையின் அளவும் போட்டிருக்கும். பல் முனை என்றால் விட்டமும் பல்லின் எண்ணிக்கையும் சேர்ந்ததுதான் அளவு. 36 பல் என்று மட்டும் சொன்னால் போதாது. 9/16 அங்குலத்திலும் 36 பல் உண்டு, 5/8-லும் உண்டு, 3/4-லும் உண்டு. மில்லிமீட்டரில் சொன்னால் முறையே 14.3, 15.9, 19.05. ஜப்பானியக் கார்களின் தண்டுகள் முழு மில்லிமீட்டர் அளவில் வரும், 15 மி.மீ. தண்டின் மேல் 5/8 அங்குல ஜாயின்ட் "கொஞ்சம் தொளதொள, போல்ட் இறுக்கினால் சரியாகிவிடும்" என்று தோன்றும். சரியாகாது. வெர்னியரால் வெளி விட்டத்தை அளங்கள். ஒரு பல்லில் மார்க்கர் மை வைத்து எண்ணுங்கள்; இரண்டு முறை எண்ணி ஒரே எண் வந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபோர்டு தண்டுகளில் முக்கோண வடிவ முனையும் வருவதால், சியரா தண்டின் கீழ்முனையைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் திறங்கள்.

டி.டி. தண்டு என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். உருண்டைக் கம்பியின் இரு புறமும் தட்டையாகச் சீவியது, அமெரிக்கச் சாமான்களில் அதிகம். வெட்டுவது சுலபம், பல் வெட்ட லேத்காரரைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அதில் யோக்கை 180 டிகிரி திருப்பி மாட்டலாம், அவ்வளவுதான். அட்டைகள் 40 டிகிரி முறுக்கம் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது. மூன்று தண்டும் ஒரே தளத்தில் இருப்பவர்களுக்கு டி.டி. நல்ல தேர்வு. உங்களுக்குப் பல் முனைதான்.

இறுக்கும் முறையில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. யோக்கின் கழுத்தில் ஒரு பிளவு, குறுக்கே ஒரு போல்ட்; அந்த போல்ட் தண்டில் சுற்றி வெட்டிய பள்ளத்தின் வழியே போகும். இந்த அமைப்பில் நட் தளர்ந்தாலும், போல்ட் உள்ளே இருக்கும்வரை ஜாயின்ட் தண்டிலிருந்து கழன்று வராது. அதனால்தான் கார் கம்பெனிகள் இதையே போடுகின்றன. மாட்டும்போது போல்ட் கையால் தள்ளினாலே பள்ளத்தின் வழியே போக வேண்டும். போகாவிட்டால் ஜாயின்ட் முழுதாக உள்ளே ஏறவில்லை என்று அர்த்தம். சுத்தியலால் போல்ட்டை அடித்து உள்ளே தள்ளுவது மகா தப்பு. போல்ட் குறைந்தது 8.8 கிரேடு, நட் புதிய நைலாக் (தளராமலிருக்க நைலான் வளையம் வைத்தது). எம்8 போல்ட்டுக்கு முறுக்கு விசை 25 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஜாயின்ட் செய்தவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். பக்கவாட்டில் செட் ஸ்க்ரூ வைத்து இறுக்கும் ஜாயின்ட்டுகளும் உண்டு. அவற்றில் ஸ்க்ரூவின் முனை உட்காரத் தண்டில் ஒரு குழி துளைத்தே ஆக வேண்டும், லாக்டைட் (மரையில் பூசும் பசை) போட்டு, மேலே லாக் நட்டும் வேண்டும். வழவழப்பான தண்டின் மேல் ஸ்க்ரூவை அழுத்தி நிறுத்தியிருக்கும் ஸ்டியரிங்கை நான் ஓட்டிப் பார்க்கக்கூட மாட்டேன்.

தண்டு யோக்குக்குள் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். குறைவாக ஏறினால் பல் முழுதாகப் பிடிக்காது. உள்பக்கம் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஏறினால், ஜாயின்ட் மடங்கும்போது தண்டின் நுனி கிராஸில் இடிக்கும்; நேராக வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், காரில் மாட்டியதும் ஒவ்வொரு சுற்றிலும் கடக்கென்று பிடிக்கும்.

வெல்டிங் செய்து இணைக்கலாமா என்பதும் வழக்கமாக வரும் கேள்வி. இடைத்தண்டை நீட்டவோ குறைக்கவோ வெல்டிங் தவிர வழியில்லாத நேரம் உண்டு. அப்போது இரண்டு முனையையும் முட்டவைத்து மேலே ஒரு கோடு வெல்டிங் ஓட்டாதீர்கள். வெளியே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு குழாய் போட்டு, இரு முனையிலும் சுற்றி வெல்டிங் செய்து, குழாயில் துளையிட்டு அதன் வழியேயும் உள்தண்டோடு பற்றவைக்க வேண்டும். ஜாயின்ட்டுக்கு அருகே சூடு போனால் சீல் பொசுங்கும், பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடும். இந்த வெல்டிங்கை உயிரை நம்பி ஒப்படைக்கக்கூடியவர் செய்யட்டும். நீங்களே நன்றாகச் செய்வீர்கள் என்றாலும், பிரிட்டனில் சொந்தமாகக் கட்டிய காரைப் பதிவு செய்யுமுன் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) ஆய்வு இருக்கிறது, ஆய்வாளர் ஸ்டியரிங்கின் ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பார்ப்பார். அவரிடம் விளக்க வேண்டிய விஷயங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அந்த ஆய்வில் இன்னொரு பகுதி, மோதலில் ஸ்டியரிங் ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வராமல் இருக்கிறதா என்பது. 1968-க்கு முன் பல கார்களில் முன்பக்கத்திலிருந்து வீல் வரை ஒரே நீளக் கம்பிதான். முன்பக்கம் நசுங்கினால் அது ஈட்டியாகிவிடும். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் வந்த விதி, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினால் தண்டு 127 மி.மீ.க்கு மேல் பின்னால் வரக்கூடாது என்றது. ஐரோப்பிய விதியும் அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது. செவனில் ரேக் காரின் மூக்கிலேயே இருப்பதால் இது ஏட்டு விஷயம் அல்ல. இரண்டு ஜாயின்ட்டுக்கும் கொஞ்சம் கோணம் இருந்தால் மோதலில் இடைத்தண்டு பக்கவாட்டில் மடங்கி ஒதுங்கும். எல்லாம் நேர்கோட்டில் இருந்தால் நேராகப் பின்னால் தள்ளும். அதனால் கோணத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம். சியரா தண்டில் கம்பெனியே வைத்த சுருங்கும் பகுதி இருக்கும். நீளம் சரிவரவில்லை என்று அந்த இடத்தில் வெட்டவோ வெல்டிங் வைத்து இறுக்கிவிடவோ கூடாது.

எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வருகிறது என்பது நீங்கள் போடும் என்ஜினைப் பொறுத்தது. தண்டின் பக்கமே வந்தால், மேனிஃபோல்டுக்கும் ஜாயின்ட்டுக்கும் நடுவே சின்ன அலுமினியத் தகடு ஒன்றை வெப்பத் தடுப்பாகப் பொருத்துங்கள், ஜாயின்ட்டைக் குழாயின் மிக நெருங்கிய இடத்தில் வைக்காதீர்கள். என்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸியோடு பிணைந்த தண்டு ஆடாது. நின்ற காரில் விரல் நுழையும் இடைவெளி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் காணாமல் போகலாம்.

பழைய சாமான் கடையில் ஜாயின்ட் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். கார் கம்பெனி போட்ட ஜாயின்ட் நன்றாக இருந்தால் சந்தையில் புதிதாக வரும் பலவற்றைவிட மேல். ஆனால் பார்க்கும் விதம் தெரிய வேண்டும். ஸ்டியரிங் தன் ஆயுளில் பெரும்பகுதியை நேராகவே கழிக்கிறது. அதனால் ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே மட்டும் பள்ளம் விழும். ஒரு யோக்கை வைஸில் லேசாகப் பிடித்து, மறு யோக்கை இரண்டு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஓரங்களில் வழவழவென்று போய் நடுவில் மட்டும் ஒரு சின்ன 'டக்' என்று உட்கார்ந்தால் அந்த ஜாயின்ட் முடிந்தது. நடுவில் இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. சீலைச் சுற்றிச் செந்துரு பொடியாக வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. இதில் பலவற்றைப் பிரித்து கிராஸ் மாற்ற முடியாது, தொப்பிகளை அடித்து மூடியிருப்பார்கள், மொத்தமாக மாற்றுவதுதான்.

எல்லாம் மாட்டியதும் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே விரலால் வீலைத் திருப்புங்கள். எங்கேயாவது கனத்தால் அந்த இடத்தில் நிறுத்தி, ஜாயின்ட்டில் காது இடிக்கிறதா, யோக் குழாயில் உரசுகிறதா, தாங்கு பேரிங் கோணலாக நிற்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒருவர் வீலைச் சிறிது சிறிதாக இடம் வலம் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். போல்ட் தலைக்கும் யோக்குக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் 100 மைல் ஓடியதும் அந்தக் கோடு பிசகியிருக்கிறதா என்று பார்த்து, நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி ஒரு முறை சோதியுங்கள்.

மேல் அட்டை, கீழ் அட்டை இரண்டின் கோணத்தையும், அவற்றுக்கு இடையிலான முறுக்கத்தையும், தண்டு முனைகளின் விட்டத்தையும் பல்லின் எண்ணிக்கையையும் அளந்து அனுப்புங்கள். எந்த இரண்டு ஜாயின்ட் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.